அப்பா பார்த்த ஜப்பான் தொடர்

டி.வி.யின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்தார். திரையில் கவசம் போட்ட ஆட்கள் குதிரைமேல் பாய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அப்பா, சத்தமே இல்லாம பாக்கறீங்களே, காது கேக்கலையா?" என்றாள் மகள்.

"கேக்குதே" என்றார்.

அம்மா போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அப்பா இப்படித்தான். அழவும் இல்லை, சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கவும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டார், படுங்கள் என்றால் படுத்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே மேலும் கீழும் அனுப்பிய மனிதர், இப்போது தான் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்போல நின்றார்.

மகளுக்கு நாளைக்கு ரயில். அப்பாவைத் தனியே விட்டுப் போவதா, அண்ணன் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்படிப்பட்டவர் மதியம் தானாக வாயைத் திறந்து, புதிதாக ஒரு ஜப்பான் சரித்திரத் தொடர் வந்திருக்கிறதாம், பார்க்கலாம் என்றிருக்கிறேன், போட்டுக் கொடு என்றதும் மகளுக்குப் போன உயிர் வந்தது. செய்தியைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். ஐம்பது பாகம், பெயர் வாயில் நுழையாத ராஜாக்கள், முடிக்கவே மாசக்கணக்காகும். இருக்கட்டுமே, எதையாவது பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே. அப்பா தேறிவிட்டார் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்.

அவசரப்பட்டுவிட்டாள்.

கோட்டை எரிந்தது, தலை ஒன்று உருண்டது, அப்பா அசையவில்லை. அடியில் ஓடும் தமிழ் எழுத்தோடு சரி, கண் அதற்கு மேலே ஏறவே இல்லை. யாரும் வாயைத் திறக்காத பெரிய போர்க்காட்சி வந்தபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் குதிரைக்காரன் யார் என்று மகள் கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை என்றார். எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டாள். ஏதோ சண்டை என்றார்.

அப்புறம் ஒரு காட்சி. போருக்குக் கிளம்பும் தளபதியிடம் அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். அடியில் இரண்டு சின்ன வரி வந்தது. 'போறதுன்னா போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க.'

அப்பா எழுந்தார். வாசல்வரை போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாத்தியாச்சு" என்றார், டி.வி.யிடம்.

காதும் சரி, கண்ணும் சரி, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கழன்றுவிட்டது என்று மகள் முடிவுகட்டினாள். அம்மா இருந்தால் சமாளித்திருப்பாள். வாஷிங் மெஷின் கையேடோ மருந்துப் பெட்டி வாசகமோ, எது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே தமிழாக்கி அனுப்பிக்கொண்டு, அந்த வேலைக்கு நடுவிலேயே அப்பாவையும் இரண்டு வார்த்தையில் அடக்கிவிடுவாள்.

சமையலறைக்குப் போய் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அப்பா டி.வி.யோடு பேசுகிறார் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அண்ணன் அதிகம் கேட்கவில்லை. காலையில் காரோடு வருகிறேன், நாலு வேட்டி சட்டையை எடுத்து வை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அப்பா இன்னும் குனிந்தபடி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவருக்கு இதுதான் கடைசி ராத்திரி, அதிலாவது கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்க்கட்டும் என்று தோன்றியது. ரிமோட்டை எடுத்துத் தமிழ்க் குரலுக்கு மாற்றிச் சத்தத்தைக் கூட்டினாள். எழுத்தை நிறுத்தினாள். தளபதியின் மனைவி கணீரென்று தமிழ் பேசினாள்.

அப்பா எழுந்து டி.வி.க்கு அருகில் போனார். திரையின் அடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்து எங்க?"

"எடுத்துட்டேம்பா. அதான் அவங்களே தமிழ்ல பேசறாங்களே, எழுத்து எதுக்கு?"

அப்பா திரும்பினார். இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அதை எழுதினது உங்கம்மா."