மயக்க ஊசி வேண்டாம்

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவருக்கு உள்ளே ரத்தக்கசிவு நிற்கவில்லை.

“மறுபடி வயித்தைக் கிழிக்க வேண்டாம் ஐயா. தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு அடைச்சிடலாம். தூங்க ஊசி போடவா?” என்றார் டாக்டர்.

“வேண்டாம். முழிச்சிருக்கேன்.”

“சரியான பிடிவாதம்! வெளியில சொந்தக்காரங்க?”

“யாருமில்ல.”

விறைப்பாகப் படுத்தார் பெரியவர். எக்ஸ்ரே படமெடுக்கும்போதெல்லாம் பக்கத்துக் கண்ணாடி அறையிலிருந்து ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“மூச்சை அடக்குங்க… இப்ப விடுங்க.”

சொன்னபடி செய்தார்.

“ரத்தம் நின்னுடுச்சு. வீட்டுக்குச் சொல்லணுமா?” என்றார் டாக்டர்.

“உள்ளே பேசுறவ என் பொண்ணுதான். இஷ்டப்படி கட்டிக்கிட்டாள்னு, என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்.”

டாக்டர் திகைத்தார். “கூப்பிடவா?”

“வேண்டாம்.” பெரியவர் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. “இன்னும் ஒரு படம் எடுங்களேன்.”