யாருக்காக மாற்றினான்?

“ஹேண்டில்பாரை உயரமா மாத்தச் சொன்னது ஒக்னியான்தானா?” மரிட்சா ஆற்றங்கரை பைக் ஒர்க்‌ஷாப்பில் வெசெலாவின் குரல் அனலாய் வந்தது.

“ஆமாக்கா” என்றான் மெக்கானிக் ருமென்.

குனிந்து ஓட்டினால் முதுகு போய்விடும் என்று எட்டு வருடமாகக் கெஞ்சியிருக்கிறாள். கணவன் ஒக்னியான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

“இப்ப மட்டும் யார் சொல்லிக் கேட்டாராம்?”

ருமென் நெளிந்தான். “அவர்கூட ஒரு பொண்ணு வந்தாங்க. நிமிந்து உக்காந்தாத்தான் வசதின்னாங்க. அவங்களையே உக்கார வெச்சு அளவு பாத்தோம்.”

“என்னை வண்டியைத் தொடக்கூட விட்டதில்ல! அவளை ஓட்டுற சீட்டுலயே உக்கார வெச்சாரா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?”

“ஐயோ அக்கா! வண்டியை வாங்கினதே அவங்கதான்.”

“வித்துட்டாரா? உசுரா வெச்சிருந்த வண்டியையா?”

“கை நடுக்கத்தோட இனி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே... உங்ககிட்ட சொல்லலியா?”

வெசெலா வீட்டுக்கு நடந்தாள். ஒக்னியான் சாப்பாட்டு மேசையில், கைகளை மடியில் ஒளித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் பீன்ஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றாமல், இரு கையாலும் பிடித்துக் குடிக்கும்படி பெரிய கோப்பையில் ஊற்றி அவன்முன் வைத்தாள். கரண்டி வைக்கவில்லை.

தனக்கும் அப்படியே ஊற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.