நடுத்துண்டு
வைத்திக்குப்பத்து வீட்டின் சமையலறைத் தரையில் உச்சிவெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கிடத்தியிருக்கிறது. கடற்காற்றில் பின்கதவு மெல்ல அடித்துக்கொள்கிறது. கல்லில் எண்ணெய் இன்னும் சடசடக்க, அன்புசெல்வி வறுத்த வஞ்சிரத்தின் நடுத்துண்டை எடுத்துத் தன் தட்டில் வைக்கிறாள். கையைத் தூக்கும்போது வளையல்கள் முழங்கை வரை சரிகின்றன. "அது ஒன் புருஷனுக்கு எடுத்து வச்சதுடி. படகுலேருந்து பசியோட வருவான்" என்கிறாள் மாமியார் முத்தம்மாள்.

"அவருக்கு வால் துண்டு இருக்கு அத்தை. நான் முப்பத்தெட்டு கிலோ. நாப்பத்தஞ்சு வந்தப்புறம் புள்ள பெத்துக்க, இல்லன்னா ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"கல்யாணமாகி வருசம் ஒண்ணாச்சு, ஊரே கேக்குது. நானும் இப்படி ஒல்லியா இருந்துதான் நாலு பெத்தேன்."

"பெத்தீங்க. ஒவ்வொரு தடவையும் ரத்தம் ஏத்தித்தான் பொழச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க? கேக்குறவங்கள எங்கிட்ட அனுப்புங்க."

முத்தம்மாள் கல்லில் கிடக்கும் வால் துண்டைத் திருப்பிப் போடுகிறாள். அன்புசெல்வி முள்ளை நிதானமாக ஒதுக்கி, ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்குகிறாள். வாசலில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. சோறு தீர்ந்த தட்டை மாமியார் பக்கம் நீட்டுகிறாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க அத்தை."