தறிச் சத்தம்

“பெட்டியக் கட்டுட்டி. இன்னிக்கே கெளம்புதோம்” என்றான் இருதயம்.

இவாஞ்சலின் நிமிரவில்லை. மெகராஜ் பேகம் கொடுத்த சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். “எங்க போறது?”

“நம்ம கூட்டாளி சின்னத்துரை சொன்னாம்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் சபை ஹால்ல எடம் இருக்குன்னு. காங்கிரீட் கட்டடம். இப்படித் தகரத்துக்கு அடியில கெடக்க வேண்டாம். மத்தியானத்துக்கு மேல வண்டி கொண்டாரான்.”

கட்டுவதற்குப் பெட்டி ஏது? தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த வீடு, ஆடு, பீரோ, கல்யாண போட்டோ எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. விடாத மழையில் மலை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியபோது, இவாஞ்சலின்தான் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை.

அன்றிலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கைகால் உதறல் எடுக்கும். “மலை வருது, வெளிய வாங்க” என்று ஓடுவாள். பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தவரை அவள் கண்ணை மூடி யாரும் பார்க்கவில்லை.

சேதி கேள்விப்பட்டு ராஜபாளையத்திலிருந்து லோடு ஆட்டோவோடு வந்து நின்றவர் ஹமீது பாய். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். இவாஞ்சலினின் அப்பா கடைசிவரை அவரிடம்தான் தறி ஓட்டினார். “ஏறு புள்ள” என்ற ஒரே வார்த்தையோடு கூட்டிவந்து, தறிக்கூடத்தை ஒட்டிய அறையைத் திறந்துவிட்டார். அவர் மனைவி மெகராஜ் பேகம் மாற்றுச் சேலையும் சோறும் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் பேசினால் முத்து உதிர்ந்துவிடும்.

அதெல்லாம் சரிதான். இருதயத்துக்குப் பொறுக்காதது அந்தத் தறி.

“நேத்து பகல் பூரா சும்மாத்தான கெடந்துச்சு? செத்த நேரம் தலையச் சாய்ச்சதும் தட்டு தட்டுன்னு தட்டுதாரு. முந்தாநாளும் இதே கததான். கேட்டா ‘அவசர ஆர்டர்ப்பா’ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு.”

“அவிய தொழில அவிய பாக்காவ. எனக்கு அது ஒண்ணும் செய்யலங்க.”

“ஒனக்கு ஏன் செய்யும்? தறிக்குப் பக்கத்துல தொட்டில் கட்டித் தூங்கவச்ச புள்ளல்லா நீ! நான்லா காதப் பொத்திக்கிட்டுக் குப்புறக் கெடக்கேன். ஏட்டி, போங்கன்னு வாயத் தொறந்து சொல்ல முடியாமத்தான் மனுசன் தறிய விட்டுச் சொல்லுதாரு. அதுகூடவா வெளங்கல?”

“அந்த அக்கா நமக்கு வேளா வேளைக்குச் சோறு போடுதாக.”

“சோறு போட்டா? நமக்கு ரோஷம் இருக்கக்கூடாதா?”

எல்லாம் போனவனிடம் மிச்சமிருந்தது அந்த ரோஷம் ஒன்றுதான். அதையும் விட அவனுக்கு மனசு வரவில்லை. இவாஞ்சலின் சேலைகளைப் பையில் வைத்துவிட்டுக் கோரைப்பாயில் சாய்ந்தாள்.

சொல்லாமல் போனால் மரியாதையாக இருக்காதே என்று இருதயம் முற்றத்தைத் தாண்டி ஹமீது பாய் வீட்டுக்குப் போனான். பாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெகராஜ் பேகம் குழம்புச் சட்டியோடு நின்றாள்.

“பாய், ஒரு விசயம் சொல்லணும்.”

பாய் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, மேற்கே கருத்துக் கிடந்த மலையைப் பார்த்தார். சட்டென்று தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். விறுவிறுவென்று தறிக்கூடத்துக்குள் போனார்.

டக்கு டக்கு, டக்கு டக்கு என்று தறி ஓடத் தொடங்கியது.

இருதயத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “பாத்தியளாக்கா! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு வாரேன், மூஞ்சி குடுக்காமப் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போறாரு!”

“இல்லப்பா, அது வந்து...” என்று அவள் தொடங்கியதைக் கேட்க அவன் நிற்கவில்லை.

கூடத்துக்குள் நுழையும்போதே கத்தினான். “பாய்! நாங்க இன்னிக்கே போறோம்! நீங்க நிம்மதியா ஒங்க ஆர்டரப் பாருங்க! நெய்ங்க, நல்லா நெய்...”

அவன் கண் தறியில் விழுந்தது.

தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் பாவு இல்லை. ஒற்றை நூல்கூட இல்லை. துணி சுற்றவேண்டிய உருளை மொட்டையாகக் கிடந்தது. இரும்பும் கட்டையும் மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

“என்ன பாய் இது? தறியில நூலே இல்ல?”

ஹமீது பாய் திருடி மாட்டிக்கொண்டவர்போல நின்றார். பிறகு அவன் காதோரம் வந்து சொன்னார்: “நூல் வந்து எம்புட்டு நாளாச்சு. ஆர்டராவது ஒண்ணாவது.”

நடுச்சுவரின் சன்னலைக் காட்டினார். அடுத்த அறையில் இவாஞ்சலின் வாயை லேசாகத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே தகரக் கூரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அது எப்போது பிடித்ததென்று இருதயத்துக்கே தெரியவில்லை.

“நீ தாலுகா ஆபீஸுக்குப் போன அன்னிக்கு, மழையில அந்தப் புள்ள கெடந்து நடுங்குச்சுப்பா. கிடந்த கொஞ்ச நூல முடிப்போம்னு தறியப் போட்டேன். அந்தச் சத்தத்துல அடங்கித் தூங்கிட்டுது. பொறவு நூல் தீந்துபோச்சு, மழை தீரலயே.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா பாய்?”

“சொன்னா நீ அதுகிட்டச் சொல்லுவ. தனக்காகத்தான் ஓடுதுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள தூங்குமாப்பா?”

வாசலில் சின்னத்துரையின் வண்டி ஹாரன் அடித்தது. இருதயம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயிடம் சொன்னான்.

“நீங்க போயி வயிறாரச் சாப்பிடுங்க பாய். இத எப்படி நிறுத்தணும்னு மட்டும் காட்டிட்டுப் போங்க. மழை விட்ட பொறவு நான் நிறுத்திக்கிடுதேன்.”