ஆதிரையின் முகம்

பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் அன்று மாலை, அழைப்புமணி கேட்டு அபிநயா மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். வாசலில் அவள் மகள் ஆதிரை ஏழு வயதுக் குழந்தையாக நின்றிருந்தாள். முன்பல் விழுந்த அதே சிரிப்பு. சைக்கிளிலிருந்து விழுந்தபோது புருவத்தில் ஏற்பட்ட தழும்புகூட இருந்தது.

"ட்ரிக் ஆர் ட்ரீட், ஆன்ட்டி!"

குரல் மட்டும் மூன்றாம் மாடி மிஹிராவுடையது. போன வருடம் வரை பிள்ளைகள் எலும்புக்கூடு முகமூடிதான் போட்டார்கள். இந்த வருட முகமூடியோ, எந்தப் புகைப்படத்தைக் காட்டினாலும் அந்த முகமாகவே மாறிவிடுகிறது.

"இந்த முகம் உனக்கு எப்படிடா கெடச்சுது?"

"நம்ம அபார்ட்மென்ட் பழைய ஆல்பத்துல இருந்துச்சு. பேய்னா இப்ப இங்க இல்லாதவங்கதானே ஆன்ட்டி?"

"அவ பேய் இல்லடா கண்ணு. என் பொண்ணு. கனடாவுல இருக்கா."

"அப்ப ஏன் இங்க வர்றதே இல்ல?"

கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு போனவள், அதன் பிறகு போனைக்கூட எடுப்பதில்லை என்பதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? கிண்ணத்தில் இருந்த கடலை மிட்டாய் முழுவதையும் அபிநயா மிஹிராவின் பையில் கொட்டினாள்.

"ரொம்ப வேர்க்குது ஆன்ட்டி. கழட்டிடவா?"

"இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கோ செல்லம்."

மிஹிரா தலையாட்டிவிட்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த ரெஹானா, "அய்யோ, நம்ம ஆதிரை!" என்று கூவினாள். அடுத்த வீட்டிலும் யாரோ அதே பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அபிநயா கதவைச் சாத்தவில்லை. அவளும் கணவரும் வருடக்கணக்காக வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயர், ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டே தூரம் போயிற்று.