எழுபது நன்றி

கண்ணுகளா, இணையத்தில் யோசனை சொன்னவர், அதனால் பாதிக்கப்பட்ட வீட்டுக்கு நேரில் போய் நின்றாக வேண்டும் என்றாகிவிட்ட காலம் அது. பெர்ல் என்னும் கணினி மொழியில் நிரல் எழுதும் மரகதவல்லி, செல்லையா வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, இனிஷியல் இல்லாத பெயர் வந்தா வலைத்தளம் பிழை காட்டுதுன்னு இணைய மன்றத்துல ஒருத்தர் கேட்டார். அந்த மாதிரிப் பெயரைத் தள்ளிவிடுங்கன்னு நான்தான் எழுதினேன். எழுபது பேர் நன்றி சொன்னாங்க."

அவர்களில் ஒருவர் செய்த மருத்துவமனைத் தளத்தில், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்த செல்லையாவின் மகள் பூங்கோதையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறவே இல்லை; அது யாருக்கும் தெரியவும் இல்லை. நான்கு வருஷம் காத்திருந்து, முந்தின மாதம் இறந்துபோயிருந்தாள்.

"பிள்ளை பெயர் தனியா நிக்கட்டும், இனிஷியலே வேண்டாம்னது நான்தாம்மா," என்றார் செல்லையா. மரகதவல்லியின் கையில் தண்ணீரைக் கொடுத்தார். "மத்த அறுபத்தொன்பது பேரும் உங்க யோசனையை எங்கெல்லாம் போட்டிருக்காங்க?"

"தெரியலைங்க ஐயா," என்றவளால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.