காரணத்தைத் தெளிவாகக் கூறவும்

ஒரகடம் தொழிற்சாலையின் கேன்டீனில் செல்போனும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தான் மாசானம். இப்போதெல்லாம் லீவைக்கூட கம்பெனி ஆப்பில் இருக்கும் மிஷினிடம்தான் கேட்க வேண்டும்.

'பொஞ்சாதிய பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. லீவு வேணும்' என்று மறுபடியும் டைப் செய்தான்.

'காரணத்தைத் தெளிவாகக் கூறவும்.'

"இதுக்கு மேல எப்படிச் சொல்ல? பொறக்கப்போற பிள்ளையே வந்து சொல்லணுமோ?"

'மூளை இல்லாத ஜென்மமே' என்று தட்டிவிட்டான். அனுப்பியதுமே மனசு உறுத்தியது. 'கோவத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத. சாப்ட்டியா?'

எட்டிப் பார்த்த அறைத்தோழன் மாரிசெல்வத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மிஷின்கிட்ட போயி சாப்ட்டியான்னு கேக்கானே! சார்ஜ் போட்டாச்சான்னு கேளுல!"

வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

'இன்னும் இல்லண்ணா. மிஷின் போன மாசமே ரிப்பேர். நான் பிரவீனா, ஆபீஸ்ல உக்காந்துகினு பதில் போடறேன். சொந்தமா ஒரு வார்த்தை எழுதக்கூடாது, ரெடியா இருக்கிற பதில் பட்டனைத்தான் அமுக்கணும்னு ஆர்டர். இது ஒண்ணுதான் மீறி எழுதறேன். இப்பதான் மேனேஜர்கிட்ட நேர்ல போய்ப் பேசினேன். லீவு ஓகே, கிளம்புங்க. என்ன குழந்தைன்னு மறக்காம எழுதுங்கண்ணா. அதுக்குப் பதில் போட இங்க பட்டன் இல்ல. ஆனா நான் படிப்பேன்.'